மூன்று மாதத்தில் பயின்ற செவி

திருநின்றவூரில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல் வந்துசேர ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கே சாலையைக் கடந்து பூங்கா நிலையம், பிறகு தாம்பரம் வண்டியில் கோடம்பாக்கம். 2007இல் மூன்று மாத காலம் நாங்கள் மூவர் இவ்வழியே நாள்தோறும் போய்வந்தோம். ஒலிப்பதிவுத் தொழிலைக் குறுகிய காலத்தில் கற்றுத்தருவதாகச் சொன்ன ஒரு பயிற்சியகத்தில் சேர்ந்திருந்தோம். கட்டணத்துக்காக எங்களில் ஒருவனின் அம்மாவுடைய சங்கிலி அடகுக்கடைக்குப் போயிற்று. மற்ற இருவரும் வட்டிக்கு வாங்கினோம்.

ஏன் இந்த ஆசை என்று வீட்டில் கேட்டார்கள். ஒலிநாடாக்களின் உறையில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் ஒலிப்பதிவாளரின் பெயரைத் தேடிப் படிக்கும் வழக்கம் எங்களுக்குப் பள்ளிக்காலத்திலேயே இருந்தது. அப்படி மனத்தில் பதிந்த பெயர் எச். ஸ்ரீதர். மகாநதி, தில் சே, லகான், கன்னத்தில் முத்தமிட்டால் ஆகிய படங்களுக்காகத் தேசிய விருது பெற்றவர். 2008 டிசம்பரில் அவர் மறைந்தபோது, நேரில் ஒருமுறையும் பார்த்திராத ஆசிரியரை இழந்தாற்போல் இருந்தது எங்களுக்கு.

முறையான வழி வேறாக இருந்தது. 1945இல் சென்னை சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவும் ஒலிப்பொறியியலும் பாடங்களாயின. தரமணித் திரைப்படக் கல்லூரியின் வேர் அதுவே. ஆனால் அங்கே படிப்பு ஆண்டுக்கணக்கில் நீளும், இடங்களோ மிகச் சில. உடனே சம்பாதிக்கவேண்டிய நிலையில் இருந்த எங்களுக்கு 'மூன்று மாதம்' என்ற சொல்லே போதுமானதாக இருந்தது.

கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்ல மாட்டோம். கண்டன்சர் மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் தரவேண்டும் என்பதையும், திறந்த வெளியில் தொலைவு இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் தாழும் என்பதையும், பாடுபவர் மைக்கை நெருங்க நெருங்கக் கீழ்ச்சுரங்கள் பெருத்துவிடும் என்பதையும் அங்கேதான் அறிந்தோம். காந்த நாடா அளவு மீறிய ஒலியைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளும், கணினிப் பதிவோ முகட்டை வெட்டியெறிந்துவிடும், வெட்டுண்டது பழையபடி மீளாது என்றார் ஆசிரியர். இவற்றைக் குறிப்பேட்டில் எழுதினோம். ஆனால் மிக்ஸரின் முன்னே ஒவ்வொருவரும் அமர்ந்த நேரம், மூன்று மாதத்தையும் கூட்டினால், இரண்டு பகல் தேறாது. வேலைக்கு வழிகாட்டுவோம் என்றிருந்தார்கள். கடைசி வாரத்தில் ஆளுக்கு மூன்று தொலைபேசி எண்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று உபயோகத்தில் இல்லை.

சான்றிதழோடு ஊர் திரும்பிய நாங்கள் கற்றதைச் சோதிக்க விரும்பினோம். எங்களில் ஒருவனின் ஆயா நடவுப் பாட்டும் ஒப்பாரியும் அறிந்தவர். ஏரிப் பாசன வயல்களில் நாற்று நட்ட காலத்துப் பாட்டுகள் அவை. ஒரு மைக்கையும் ரெக்கார்டரையும் இரவல் வாங்கி அவர் வீட்டுத் திண்ணையில் வைத்தோம். வீடு தண்டவாளத்துக்கு அருகே இருந்தது. நாற்பது நிமிடத்தில் நான்கு வண்டிகள் கடந்தன. வண்டி வரும்போதெல்லாம் ஆயா பாட்டை நிறுத்தி, மூச்சு வாங்கி, அது போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

கணினியில் ஏற்றியதும் ரயிலோசை எங்களுக்குக் குற்றமாகத் தெரிந்தது. கற்ற வித்தை முழுவதையும் அதன்மேல் ஏவினோம். வண்டி கடந்த இடங்களை வெட்டி ஒட்டினோம். எஞ்சிய இரைச்சலை மென்பொருளால் துடைத்தோம். அத்தோடு நில்லாமல், பழைய கோப்பின் மேலேயே புதியதைச் சேமித்தோம். வேறு பிரதி இல்லை. மூலத்தை முதலில் நகலெடுத்துத் தனியே வை என்பது இத்தொழிலின் அரிச்சுவடி. அது எங்கள் குறிப்பேட்டிலும் இருந்தது.

ஆயாவுக்குப் போட்டுக் காட்டினோம். ஹெட்போனைக் காதில் அழுத்திப் பிடித்தபடி வெகுநேரம் கேட்டார். "ரயிலு எங்கடா? நான் மூச்சு வாங்கினது எங்க? இது நான் பாடுறாப்ல இல்லியே" என்றார். உண்மைதான். இரைச்சலோடு குரலின் கரகரப்பும் போய்விட்டிருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடுவதுபோல் கேட்டது. மறுபடியும் பதிவு செய்யலாம் என்றோம். பொங்கல் கழியட்டும் என்றார். பொங்கலுக்கு முன்பே அவர் போய்விட்டார்.

எங்கள் ஊர்க் கோயிலில் பூசலார் சன்னிதி உண்டு. கையில் பொருளில்லாமல் மனத்திலேயே அடித்தளமிட்டு, தூண் நிறுத்தி, சிகரம் வைத்து, குடமுழுக்குக்கு நாள் குறித்தவர் அவர். காஞ்சியில் காடவர்கோன் எழுப்பிய கற்றளியின் நாளை இறைவன் அதற்காக மாற்றிவைக்கச் சொன்னான் என்கிறது பெரியபுராணம். சிறுவயதில் கேட்ட இக்கதையை ஆயா மறைந்தபின்தான் சரியாக விளங்கிக்கொண்டோம். எந்த ஒலி வேண்டும் என்பதை மனம் முன்கூட்டிக் கட்டியிருக்கவேண்டும். கருவியின் வேலை அதற்குப் பிறகே. மனத்தில் ஒன்றும் கட்டாமலே நாங்கள் கருவியைத் திறந்திருந்தோம்.

இப்போது ஒருவன் ஆவடிப் பக்கம் மைக்செட் வைத்திருக்கிறான், இன்னொருவன் சாலிகிராமத்தில் குரல்பதிவுக் கூடமொன்றில் இருக்கிறான், மூன்றாமவன் கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைக்குப் போகிறான். சங்கிலியை மீட்க நான்கு ஆண்டுகள் ஆயின. குறுகிய காலப் பயிற்சி பயனற்றது என்பதல்ல நாங்கள் சொல்லவருவது. மூன்று மாதத்தில் கருவிகளின் பெயரும் பயனும் கைவரும். செவி கைவரப் பல ஆண்டுகள் ஆகும். சேர விரும்புகிறவர்கள் ஒரு மைக்குக்கு எத்தனை மாணவர், மிக்ஸரின் முன்னே எத்தனை மணி நேரம் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். வீட்டில் பாடத் தெரிந்த முதியவர் இருந்தால் பயிற்சி முடியும்வரை காத்திருக்க வேண்டாம். கைப்பேசியிலாவது பதிந்து, தொடாமல் ஒரு பிரதி வையுங்கள்.

ஆயாவின் அந்தக் கோப்பு எங்கள் மூவரிடமும் இருக்கிறது. ஓரிடத்தில், ஒப்பாரியின் கடைசி அசைக்கு அடியில், தொலைவில் வரும் வண்டியின் ஊதலொலி இரண்டு நொடி கேட்கும். அவர் குரலை வெட்டாமல் அதை நீக்க முடியாததால் விட்டுவைத்தோம். கூடும்போதெல்லாம் அந்த இடத்தில்தான் ஒலியைக் கூட்டிவைத்துக் கேட்கிறோம்.