குண்டுத் தொகுப்பும் ஒரு கிணறும்

பெருமாள்முருகன் பேரை எடுத்தால் எங்கள் வாழப்பாடிப் பக்கம் 'மாதொருபாகன் எழுதினாரே, அவர்தானே?' என்பார்கள். அந்த நாவலுக்கு 2014 டிசம்பரில் கிளம்பிய எதிர்ப்பு, அடுத்த மாதமே இனி எழுதப்போவதில்லை என்று அவர் அறிவித்தது, 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகக் கொடுத்த தீர்ப்பு, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. பக்கத்து ஆத்தூர் அரசு கலைக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர் வேறு. ஆனாலும் அவர் சிறுகதையும் எழுதுவார் என்பது பாதிப் பேருக்குப் புதுச் சேதி.

முதல் தொகுப்பு 'திருச்செங்கோடு' 1994இலேயே வந்துவிட்டது. அவர் கதைகள் நாவலிலிருந்து உதிர்ந்த துண்டுகள், தகவல் அதிகம் என்று சொல்பவர்கள் உண்டு. நாவல்களைப் பற்றிச் சொன்னால் கொஞ்சம் ஒத்துக்கொள்வேன். கதைகளுக்கு அது பொருந்தாது.

'நீர் விளையாட்டு' கதையில் பெரிய ஆள் ஒருவன் பிள்ளைகளோடு கிணற்றில் இறங்குகிறான். குதிப்பதும் முங்குவதுமாக ஒரே கும்மாளம். அலுத்துப்போய் மேலேறப் பார்க்கிறவனைப் பிள்ளைகள் விடுவதில்லை. இழுக்கிறார்கள், திரும்பவும் இழுக்கிறார்கள். எந்த இழுப்போடு விளையாட்டு முடிந்தது என்று வாசகனுக்குப் பிடிபடாது. முதுகில் சுரைப்புருடை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகியவனுக்கு அந்த இடத்தில் நிஜமாகவே மூச்சு முட்டும். நாவலாக இருந்தால் தோட்டம், வரப்பு, பங்காளிச் சண்டை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் கிணற்று மேட்டுக்கே வந்திருப்பார்.

பிறகு காலச்சுவடு கதைகளை ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தது. நூலகத்துக்கு நல்லது, கதைகளுக்கு நல்லதா என்பதில் எனக்குச் சந்தேகம். முன்பு 'பீக்கதைகள்' தனிப் புத்தகமாக வந்தபோது தலைப்பே கன்னத்தில் விழுந்த அறை. கடையில் பேர் சொல்லிக் கேட்கவே பலருக்குக் கூச்சம். குண்டுப் புத்தகத்துக்குள் அந்த அறை பாதியாகிவிடுகிறது. வரிசையாகப் படிக்கையில் தனிமையில் மாட்டி மனம் பிசகுகிற அதே ஆள் திரும்பத் திரும்ப வருவதும் கண்ணில் படுகிறது. என். கல்யாண்ராமன் 2017இல் பத்தே கதைகளைப் பொறுக்கி ஆங்கிலத்தில் 'தி கோட் தீஃப்' ஆக்கினார். கெட்டிக்காரத்தனம்.

'வறுகறி' என்ற பன்றிக்கறிக் கதைக்கு வேறு வழியில் யோகம் அடித்தது. இயக்குநர் தமிழ் அதைச் 'சேத்துமான்' படமாக்க, 2022இல் ஓடிடியில் வந்தது. பன்றிக்கறி என்றால் முகம் சுளிப்பவர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் கதையைக் கேட்டு வருகிறவர்களிடம் நான் முழுத்தொகுப்பை நீட்டுவதில்லை. பழைய தனிப் புத்தகங்களில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, அடுத்ததற்கு ஒரு வாரம் கழித்து வரச்சொல்லிவிடுவேன்.