நாலில் ஒன்று

புசல்லாவைப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் நாலு மரம் வைத்திருப்பவர்கள் அதை விற்பது பெரும்பாலும் கல்யாணத்துக்கு, இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு. அவசரம் நமக்கு, மர முதலாளிக்கு இல்லை. நிற்கிற மரத்தை அண்ணாந்து பார்த்து, "மொத்தமா இவ்வளவு தாறேன்" என்பார். பிள்ளைகளே, மொத்த விலைக்குக் கொடுக்காதீர்கள். நாடா போட்டு அளக்கச் சொல்லுங்கள்.

அளக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு இது: விழுந்த தண்டின் நடுவில் சுற்றளவு எடுத்து, நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்குவது. சுற்றளவு 60 அங்குலம், நீளம் 20 அடி என்று வையுங்கள். நாலில் ஒன்று 15 அங்குலம், அதாவது ஒன்றேகால் அடி. 31 கன அடி சொச்சம் வரும். உருளைக் கணக்குப் போட்டால் அதே தண்டில் 39க்கு மேல் இருக்கிறது. சதுரமாக அரியும்போது பட்டையும் ஓரமும் கழியுமே, அதற்காக விட்டுக்கொடுத்தது அந்த எட்டு. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் நடுவை விட்டு நுனிப் பக்கம் தள்ளி 56 அங்குலம் என்று எழுதினால், இன்னும் நாலு கன அடி சத்தமில்லாமல் போய்விடும்.

அதே கணக்குதான் காத்திருக்கவும் சொல்கிறது. சுற்றளவு இரண்டு மடங்கானால் மரம் நாலு மடங்கு. மெல்லிய தடி விறகுக்கும் கம்புக்கும் போகும், பருத்தால்தான் பலகை. அதற்காக வட்டிக்குக் கடன் வாங்கி மரத்தைக் காப்பாற்றுவது பைத்தியக்காரத்தனம். மாத வட்டி ஓடுகிற வேகத்தில் எந்தச் சவுக்கும் வளராது.

காத்திருக்கக் காணி வேண்டும். இங்கே ரொத்ஸ்சைல்ட் தோட்டத்தில் வேர்ம்ஸ் குடும்பத்தார் 1841 இல் சீனத் தேயிலைக் கன்று வைத்தார்கள். இத்தனை தலைமுறை போயும் லயத்து மண் நமக்கு எழுதப்படவில்லை. மரம் எப்படி நமதாகும்? 1992 இல் தோட்டங்களை எடுத்த கம்பெனிகளுக்கும் 53 ஆண்டுக் குத்தகைதான், 2045 வரை. இன்று வைக்கிற 25 வருஷ மரத்தை வெட்ட அவர்கள் இருக்கமாட்டார்கள். அப்படிப்பட்டவர் நடுவதைவிட வெட்டுவதில் கண்ணாக இருந்தால் ஆச்சரியமென்ன?

லயத்தை விட்டு வெளியே வீடு கட்ட ஏழு பேர்ச் காணி கிடைத்தவர்களுக்கு வீடு போக மிஞ்சுவது வேலியோரம். அங்கே சவுக்கு வையுங்கள். நேராகப் போகும், கிளை கழித்தால் அடுப்புக்கும் ஆகும்.

பலா வேறு விஷயம். 1951 ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதியில்லாமல் பலாவை வெட்ட முடியாது. முற்பணம் வாங்குமுன் கிராம உத்தியோகத்தரைப் பாருங்கள். அனுமதிப் பத்திரத்தைத் தானே எடுத்துத் தருவதாக முதலாளி சொன்னால், அந்தச் செலவை விலையில் எவ்வளவு கழிக்கிறார் என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.