இரண்டாவது கடை

ஜவ்வாது மலைக்கு வருவோர் எதைக் கண்டு திரும்புகின்றனர்? பீமன் அருவியிலே நீராடுகின்றனர், கோமுட்டேரியிலே படகேறுகின்றனர், சாலையோரத்தில் தேன் குப்பி ஒன்றும் சாமை அரிசிப் பை ஒன்றும் வாங்கிக்கொண்டு, "அடடா! என்ன குளிர்ச்சி! என்ன அமைதி!" என்று வியந்தபடி மலையிறங்கிவிடுகின்றனர். வியக்கட்டும், வேண்டாமென்று யார் கூறினர்? அருவிக்கு வழிகாட்டப் பலகை உண்டு. படகுக்குச் சீட்டு உண்டு. கோடை விழாவுக்கு மேடை உண்டு. நான் காட்ட விரும்பும் இடங்களுக்குப் பலகை கிடையாது. மளிகைக் கடை ஒன்று, தேநீர்க் கடை ஒன்று, சாமை உமி நீக்கும் ஆலை ஒன்று, நியாயவிலைக் கடை ஒன்று — இவ்வளவுதான். இவற்றிலே காண என்ன இருக்கிறது என்று கேட்போர், எங்கள் மலையில் பாதியைத்தான் கண்டவர்கள்.

போளூரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறினால் ஜமுனாமரத்தூர். இன்று அது வட்டத்தின் தலைநகர். கடைவீதியும் வங்கியும் அலுவலகங்களும் உள்ள ஊர். அதனைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களிலே வாழ்பவர்கள் நாங்கள். அரசின் பட்டியலில் எங்கள் பெயர் 'மலையாளி'. சேரநாட்டார் என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! மலையில் வாழ்வதால் மலையாளி. மலையை ஆண்டதால் மலையாளி என்று மார்தட்டும் முதியவர்களும் உண்டு. காஞ்சியிலிருந்து புறப்பட்டு வந்த உடன்பிறப்புகள் மூவரின் வழிவந்தோர் நாம் என்று கதையும் சொல்வர். ஆண்ட கதை கேட்க இனிக்கத்தான் செய்கிறது! ஆனால், ஆண்டவனின் பேரன் ஆடித் திங்களில் அரைப் படி அரிசிக்காக யாருடைய கடை வாயிலில் நின்றான் என்பதையும் சேர்த்துச் சொன்னாலன்றோ கதை முழுமை பெறும்?

நின்றவர் என் தந்தையார். அதனால்தான் எனக்கு அந்தக் கதை தெரியும்.

1983ஆம் ஆண்டு, பங்குனித் திங்கள். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் நான் ஐந்தாம் வகுப்பு படித்து வந்தேன். விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்த என்னையும் அழைத்துக்கொண்டு, அப்பாவும் அம்மாவும் புளி மூட்டைகளைத் தலையில் சுமந்தபடி கடைக்குப் புறப்பட்டனர். எங்கள் பக்கத்துச் சிற்றூர்கள் அனைத்துக்கும் அப்போது இருந்தது அந்த ஒரே கடை. உப்பு மூட்டை வாயிலில் சாய்ந்திருக்கும். கருவாடு, புகையிலை, மண்ணெண்ணெய், கலப்பைக் கொழு, துணி, தலைவலி மாத்திரை எல்லாம் அங்கேதான். நாங்கள் விளைவித்த சாமையை வாங்குபவரும் அவரே. சாமை தீர்ந்த பின் எங்களுக்கு அரிசி விற்பவரும் அவரே. மாசி பங்குனியில் எங்கள் புளியை எடுப்பவர் அவர். ஆடி ஆவணியில் எங்களுக்குக் கடன் கொடுப்பவரும் அவர். மரத்தில் பூ நிற்கும்போதே புளிக்கு முன்பணம் தந்து விலையை முடித்துவிடுவார். காய்ப்பது மரத்தின் பொறுப்பு, உலுக்குவது எங்கள் பொறுப்பு, விலை சொல்வது அவர் பொறுப்பு!

தூக்குத் தராசில் மூட்டை ஏறியது. அப்பா தராசு முள்ளைப் பார்க்கவில்லை. கடைக்காரர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். சாக்குக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு, தூசிக்குக் கழிவு என்று கழித்த பிறகு எஞ்சிய எடையைக் கடைக்காரர் உரக்கக் கூறினார். பின் நீண்ட கணக்கு நோட்டை விரித்தார். நான் எட்டிப் பார்த்தேன். எழுத்துகள் எனக்குப் புதிய விளையாட்டுப் பொருள். எங்கே கண்டாலும் படித்துவிடும் பருவம் அது. 'ஆடி 18, உப்பு மிளகாய் அரிசி, 14 ரூபாய்' என்று ஒரு வரி. நான்கு வரிகள் தள்ளி, அதே உப்பு, அதே மிளகாய், அதே அரிசி, அதே 14 ரூபாய். இரண்டுக்கும் பக்கத்தில் என் தந்தையின் பெருவிரல் ரேகை.

"அப்பா, இது ரெண்டு வாட்டி எழுதியிருக்குது" என்றேன்.

கடை முழுவதும் அமைதி. கடைக்காரர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். "பரவாயில்லையே, பையன் கலெக்டர் ஆயிடுவான் போலிருக்கு!" என்று கூறிவிட்டு, ஒரு வரியை அடித்தார். எனக்கு ஒரு வெல்லக்கட்டியும் கிடைத்தது. வாகை சூடியவன்போல் நான் வீடு திரும்பினேன். அப்பா வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. ஓடைக்கரை வந்ததும்தான் நின்றார்.

"உன் கணக்கு சரிதான்டா. ஆடிக்கு யாரு குடுப்பா?"

ஆடி வந்தது. கடைக்காரர் ஏசவில்லை, விரட்டவில்லை. "நோட்டுல இடமில்லையேப்பா" என்று மட்டும் கூறினார். அந்த ஆண்டு அம்மாவின் காதிலிருந்த தோடு போளூருக்குப் போயிற்று. காட்டு வள்ளிக்கிழங்கைத் தோண்டி அவித்துத் தின்றோம். அதன் கசப்பு இன்றும் என் நாவில் இருக்கிறது. ஆனால் கிழங்கின் கசப்பா அது, அன்று நான் படித்த இரண்டு வரிகளின் கசப்பா என்று எனக்கே விளங்கவில்லை.

அவரைக் கொடியவர் என்று எழுதிவிட்டால் கட்டுரை எளிதாக முடிந்துவிடும். கை அவ்வாறு எழுத மறுக்கிறது. அதற்கு முந்திய ஆண்டு என் தங்கை காய்ச்சலில் நினைவிழந்தபோது, நள்ளிரவில் தம் லாரியை எழுப்பி மருத்துவமனைக்கு அனுப்பியவர் அவரே. வாடகை கேட்கவில்லை, நோட்டிலும் எழுதவில்லை. நல்லவரா, கெட்டவரா என்ற கேள்வியே பொருளற்றது. அந்த மலைச்சரிவில் அவர் ஒருவரே இருந்தார், சிக்கல் அங்கேதான்! ஒருவரே இருக்கும் இடத்தில், அவர் நல்லவராக இருந்தால் அது நம் நற்பேறு, கெட்டவராக இருந்தால் அது நம் தலைவிதி என்றாகிவிடுகிறது. 'தலையெழுத்து' என்று எங்கள் மக்கள் பேசியதற்கு வேறு விளக்கம் தேடவேண்டியதில்லை. உண்மையான எழுத்து கணக்கு நோட்டில் இருந்தது.

சட்டம் இல்லாமலா இருந்தது? 1956ஆம் ஆண்டே எடையளவுச் சட்டம் பிறந்தது. 1958 முதல் மெட்ரிக் எடைகள் புழக்கத்துக்கு வந்தன. சேரும் வீசையும் விடைபெற்றன. முத்திரையிட்ட எடைக்கல்லைத்தான் பயன்படுத்தவேண்டும் என்பது விதி. விதி சமவெளியில் இருந்தது; மலையேறுவதற்குத்தான் அதற்கு மூச்சு வாங்கிற்று.

இதைவிட வேடிக்கை ஒன்று கேளுங்கள். இதே மலைத்தொடரில், ஆலங்காயத்திலிருந்து மலையேறும் சாலையில் காவலூர் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 725 மீட்டர் உயரம். நகர விளக்குகள் எட்டாத இருட்டு. அந்த இருட்டைத் தேடித்தான் 1960களின் பிற்பகுதியில் வைணு பாப்பு என்ற வானியல் அறிஞர் அங்கே வானாய்வு நிலையம் கண்டார். யுரேனசு என்ற கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதை உலகுக்கு உணர்த்திய 1977 மார்ச் 10ஆம் நாள் நோக்கில் காவலூருக்கும் பங்குண்டு. 1986 ஜனவரி 6ஆம் நாள் 2.34 மீட்டர் குறுக்களவுள்ள ஆடியுடன் பெரிய தொலைநோக்கி அங்கே இயங்கத் தொடங்கிற்று. 1988இல் அங்கிருந்து கண்ட சிறுகோள் ஒன்று கணிதமேதை இராமானுசன் பெயரைத் தாங்கி வானில் சுற்றுகிறது. (கட்டம் போட்டு ஒன்பது கோள்களின் கோபதாபங்களைக் கூறும் நம் சோதிடர் பெருமக்களின் மரபுக் கட்டத்தில் யுரேனசுக்கு இடமே இல்லை என்பதை இங்கே நினைவூட்டினால், அவர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளலாகாது.)

உயர்நிலைப் பள்ளி நாள்களில் எங்களை அங்கே அழைத்துச் சென்றனர். ஒளி எத்தனை கோடிக் கல் கடந்து வந்தது என்பதை அளந்து சொல்லும் கருவி அது என்று விளக்கினார் ஒருவர். மாணவர்கள் வாய்பிளந்து நின்றனர். நானும் நின்றேன். ஆனால் என் நெஞ்சில் ஓடியது வேறு. விண்மீனின் ஒளியைப் பிசகாமல் அளக்கும் கண்ணாடி இந்த மலையில் நிற்கிறது; என் தந்தையின் புளியைப் பிசகாமல் நிறுக்கும் தராசு இந்த மலையில் இல்லையே! இரண்டுமே அளவுக் கருவிதாமே? ஒன்றுக்கு அரசு உண்டு, அறிஞர் உண்டு, காவல் உண்டு. மற்றதற்கு யார் உண்டு?

மற்றதற்கும் ஆள் வந்தது, மெல்ல வந்தது. முதலில் வந்தது நியாயவிலைக் கடை. 1967இல் அறிஞர் அண்ணா ஆட்சிப் பொறுப்பேற்றபோது ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிற்று என்பதை நீங்கள் அறிவீர்கள். எங்கள் சிற்றூர்ப் பக்கம் நியாயவிலைக் கடை வந்தபோது எனக்கு அகவை பதினான்கு. தகரக் கூரை, ஒரு சாளரம், வாயிலில் விலைப்பலகை. அவ்வளவே. ஆனால் அடுத்த ஆடியில் நடந்ததைக் கண்ணால் கண்டவன் நான். "வாடா" என்று என் தந்தையை அழைத்துவந்த மளிகைக் கடைக்காரர், "வாங்க" என்றார்! புளி விலையிலும் சிறிது அசைவு தெரிந்தது. யாரும் மேடையேறி அவருக்குத் தன்மானத்தின் பெருமையை எடுத்துரைக்கவில்லை. தகரக் கூரையின்கீழ் அரிசி மூட்டை இருந்தது, அது பேசிற்று.

பின்னர் பழங்குடியினருக்கான பெரும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் புளியும் தேனும் கொள்முதல் செய்யத் தொடங்கியதை எங்கள் வீடு உணர்ந்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் பொறுக்கும் சிறு விளைபொருளுக்கு நாங்களே உரியவர்கள் என்று எழுத்தில் கூறிற்று. சங்கத்திலும் குறையுண்டு, பணம் வரத் தாமதம், எடுப்பதற்கு ஆளில்லாத நாள், கதவில் பூட்டு. நான் புகழ்மாலை சூட்ட வரவில்லை. பூட்டிய நாளில் மளிகைக் கடையில் கழிவு ஏறுவதையும் திறந்த நாளில் இறங்குவதையும் கண்டவன் என்பதால் கூறுகிறேன்.

உமி நீக்கும் ஆலையைப் பற்றி இரண்டே சொற்கள். சாமையின் உமி கல்லைப்போல் ஒட்டிக்கொண்டிருக்கும். விடிவதற்கு முன் எழுந்து உரலில் குத்தினால்தான் பகலுணவு. என் அம்மாவின் உள்ளங்கை எனக்குத் தெரியும். ஆலை வந்த நாளில் அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்போ காலையில நான் என்ன பண்றது?" என்பதுதான். ஒரு கிழமை கழித்து அவர் மகளிர் குழுக் கூட்டத்தில் அமர்ந்திருந்தார்.

தேநீர்க் கடையை மட்டும் எளிதாகக் கடக்க இயலவில்லை. 1950களில் தமிழகத்தின் தேநீர்க் கடைகளும் முடிதிருத்தகங்களும் ஏடுகளை உரக்கப் படித்த மன்றங்களாக விளங்கின என்று முதியோர் கூறக் கேட்டிருக்கிறோம். எங்கள் ஊருக்குத் தேநீர்க் கடை சாலையோடு வந்தது. நாளேடு பேருந்தோடு வந்தது. அதே விசுப்பலகைக்குத்தான் வேறோர் ஆளும் வந்தான். முழுக்கைச் சட்டை, கையில் இரண்டு கைபேசி. "மேஸ்திரி வேலை இருக்கு, நாலே நாள், நல்ல கூலி" என்பான். கடன் யாருக்கு அழுத்துகிறது என்பதைத் தேநீர் ஆறுமுன் அறிந்துகொள்வான். முன்பணத்தை விசுப்பலகையிலேயே எண்ணி வைப்பான். வேலை என்ன? ஆந்திரக் காட்டில் செம்மரம் வெட்டுவது! ஒரு காலத்தில் எங்கள் மலையின் சந்தனத்தை எங்கள் கோடரியைக் கொண்டே வழித்தெடுத்தவர்களின் தொழில்முறை. மரம் மாறிற்று, மலை மாறிற்று, கோடரி பிடித்த கை மட்டும் மாறவில்லை.

2015 ஏப்ரல் 7. சேசாசலக் காட்டில் ஆந்திரக் காவற்படையினரால் இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இருபதின்மரும் தமிழர்கள், அவர்களிலே எங்கள் மலையினரும் இருந்தனர். மலையேறி வந்த உடல்களை நான் கண்டேன். அன்று தேநீர்க் கடையில் நாளேட்டை உரக்கப் படிக்க ஒருவரும் முன்வரவில்லை. முழுக்கைச் சட்டைக்காரன் நெடுநாள் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. பேராசையால் போனார்கள் என்று சமவெளியில் சிலர் பேசினர். அவர்களை அந்த விசுப்பலகையில் ஓர் ஆடி மாதம் உட்காரவைக்க வேண்டும். அறியாமையால் போனார்கள் என்று வேறு சிலர் இரங்கினர். படித்த பிள்ளைகளும் அந்த வண்டியில் ஏறினர் என்பதை அவர்கள் அறியார்.

"படியுங்கள், படித்தால் விடுதலை" என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கவேண்டியதுதான். இம்மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்ற இளம்பெண், மகப்பேறு கண்ட சில நாள்களிலேயே தேர்வெழுதி, 2024இல் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வு பெற்ற செய்தி வந்தபோது எங்கள் ஊர்களில் இனிப்பு வழங்கினோம். ஆயினும் ஐந்தாம் வகுப்பில் நான் கற்றதை மறைக்க விரும்பவில்லை. திருட்டை எனக்குக் காட்டிற்று படிப்பு. காட்டிய பின் போவதற்கு வேறோர் இடம் இல்லாததால் என் வீடு பட்டினி கிடந்தது. கண்ணைத் திறந்துவிட்டுக் கதவைத் திறக்காமல் விட்டால், திறந்த கண் எதைக் காணும்? பூட்டைத்தானே காணும்!

சென்ற பங்குனியில் அப்பாவுடன் கடைவீதிக்குச் சென்றேன். எழுபத்தைந்தைக் கடந்துவிட்டார், இன்றும் அவருக்கு எழுத்து தெரியாது. கொள்முதல் செய்யும் இடத்தில் மின்தராசு இருந்தது. ஆள் மூட்டையைத் தூக்கி வைக்கப் போனார். "இருப்பா" என்று தடுத்த அப்பா, தம் துண்டால் தராசுத் தட்டைத் துடைத்தார். குனிந்து, சிவப்பாய் எரியும் இலக்கத்தை உற்றுப் பார்த்தார்.

"சைபர் காட்டுதா பாரு" என்றார் என்னிடம்.

காட்டிற்று. மூட்டை ஏறியது, எடையும் விலையும் கூறினார்கள். எதிர்ச் சாரியில் பழைய கடைக்காரரின் மகன் நடத்தும் கடை. அவரும் இப்போது புளி எடுக்கிறார். அப்பா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"மூட்டை இங்கயே இருக்கட்டும். அங்க என்ன வெலைன்னு கேட்டுட்டு வரேன்" என்று கூறிவிட்டு, தடியை ஊன்றியபடி சாலையைக் கடந்தார்.