சர்க்கரை நோயும் செல்லைக் காக்கும் புரதங்களும்

தேங்காய்ப்பட்டணத்துக்காரர்களுக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் எப்படிப் பழக்கமோ, சர்க்கரை மாத்திரையும் இப்போது அப்படி ஆகிவிட்டது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு இந்த நோய்.

இன்சுலின் இருந்தும் அது ஏன் வேலை செய்வதில்லை? செல்லுக்குள் ஏற்படும் நெருக்கடியும் ஒரு காரணம். 1962-ல் இத்தாலிய விஞ்ஞானி ரிட்டோசா, சூடு கூடியதும் பழ ஈயின் குரோமோசோம்கள் சில இடங்களில் வீங்குவதைக் கண்டார். அதிலிருந்து தெரியவந்தவைதான் 'ஹீட் ஷாக்' புரதங்கள். நெருக்கடியில் உருக்குலையும் மற்ற புரதங்களைச் சரிசெய்வது இவற்றின் வேலை. 2008-ல் எலிகளின் தசையில் ஹெச்.எஸ்.பி.72 என்ற புரதத்தைக் கூட்டினார்கள். கொழுப்புணவு தின்றும் அவற்றுக்கு இன்சுலின் நன்றாகவே வேலை செய்தது.

1999-ல் அமெரிக்காவில் 8 நோயாளிகளை மூன்று வாரம் வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்தபோது சர்க்கரை குறைந்தது. அதற்காக யாரும் வெந்நீரில் காலை விட்டுவிடக் கூடாது! நரம்பு மரத்த காலுக்குச் சூடு தெரியாது. வெந்து புண்ணாகி, காலையே எடுக்க வேண்டி வரலாம்.

உடற்பயிற்சியும் தசையில் இந்தப் புரதங்களைக் கூட்டும். மாத்திரையை நிறுத்தாமல், நல்ல செருப்புப் போட்டுக்கொண்டு கடற்கரை வரை தினமும் நடக்கலாமே. அதற்குச் செலவும் இல்லை.