தழும்பின் நிறம்

மலக்குடலில் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தபோது ராத்தாவின் மாப்பிள்ளை உயிரைப் பற்றிக் கேட்கவில்லை. "மச்சான், வயித்துல பை வெச்சா தொழ ஏலுமா?" என்றுதான் கேட்டார். ஏலும். ஓயாமல் கசிவு உள்ளவர் தொழுகை நேரம் வந்த பிறகு வுழூச் செய்து அந்த நேரத்துப் பர்ளைத் தொழலாம் என்று ஷாபிஈ மத்ஹபில் எப்போதோ சொல்லியாகிவிட்டது. மார்க்கம் இலேசாக்கியதை மனிதர் இலேசாக்கிக்கொள்ளவில்லை. எங்கள் கரைத்தீவில் (அம்பாறைக் காரைதீவு அல்ல, இது புத்தளத்தின் கரையோர ஊர்) இந்த நோயைப் பெயர் சொல்லிப் பேச எல்லோருக்கும் கூச்சம். இடம் அப்படி. ரத்தம் போனதை மூலம் என்று சொல்லியே மாதக்கணக்கில் மறைத்திருந்தார்.

மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் உடனே வெட்டவில்லை. ஐந்து கிழமையில் 25 தடவை கதிர்வீச்சு, கூடவே கெபசிடபின் குளிசை. பிறகு சில கிழமை சும்மா இருக்க வேண்டும். கதிர்வீச்சு முடிந்த பின்னும் கட்டி சுருங்கிக்கொண்டே போகுமாம். அதன் பிறகுதான் இரண்டாவது எம்.ஆர்.ஐ.

விரலால் தொட்டும் கமெராக் குழாய் விட்டும் பார்த்தால் குடலின் உட்பக்கம்தான் தெரியும். சுவரைத் தாண்டி வெளிக் கொழுப்புக்குள் நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, மலவாயை இறுக்கும் தசையை நெருங்கிவிட்டதா என்பதை எம்.ஆர்.ஐ. காட்டுகிறது. இதில் கதிர்வீச்சு இல்லை. பெரிய காந்தம், உடம்பின் நீரிலுள்ள ஐதரசன், காதை அடைக்கும் இரைச்சல், அவ்வளவுதான்.

டொக்டர் முந்திய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கொழுப்பு வெள்ளை, கட்டி சாம்பல். நோய் செத்த இடத்தில் உண்டாகும் தழும்பில் நீர் குறைவு. அதனால் அது கறுப்பு. கறுத்துப்போனதைக் கண்டு சந்தோஷப்பட வேண்டிய இடம் இதுவாகத்தான் இருக்கும்! லண்டன் றோயல் மார்ஸ்டன் மருத்துவமனையின் ஜினா பிரவுன் குழுவினர் இதற்கு ஐந்து படிகள் வகுத்திருக்கிறார்கள். ஒன்று என்றால் அநேகமாக எல்லாம் ஆறியது, ஐந்து என்றால் மருந்து வேலை செய்யவே இல்லை. அவர்களது மேர்க்குரி ஆய்வு, 2011இல் வெளிவந்தது, இந்தப் படிக்கும் நோயாளியின் ஆயுளுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது.

ஆனால் கறுப்புக்குள்ளும் உயிருள்ள புற்றுக்கலங்கள் ஒளிந்திருக்கும். அதற்காக நீரின் அசைவை அளக்கும் இன்னொரு வகைப் படமும் எடுக்கிறார்கள். கலங்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் இடத்தில் நீர் நகர ஏலாது. அந்த இடம் பளிச்சென்று தெரியும். அதுவும் சிலவேளை பிழைக்கும்.

பிரேசிலில் அஞ்செலிற்றா ஹப்ர்-காமா என்ற பெண் சத்திர சிகிச்சை நிபுணர் 2004இல் 265 நோயாளரின் கணக்கை வெளியிட்டார். சிகிச்சைக்குப் பின் கட்டி முற்றாக மறைந்திருந்த 71 பேரை அவர் வெட்டாமல், அடிக்கடி சோதித்துப் பார்த்து வந்திருந்தார். இதை மச்சானிடம் நான்தான் சொன்னேன். அன்றிலிருந்து அந்த 71இல் தானும் ஒருவர் என்றே இருந்தார்.

ரிப்போர்ட்டில் மூன்று என்றிருந்தது. பெரும்பகுதி தழும்பு, நடுவில் சாம்பல். ஆனால் கட்டியின் கீழ் விளிம்பு தசையை விட்டு மேலே ஏறியிருந்தது. நிரந்தரப் பை தேவைப்படாது, சில மாதங்களுக்கு மட்டும் போதும் என்று நினைப்பதாக டொக்டர் சொன்னார்.

மச்சான் எழும்பிப் போய்த் திரையில் அந்தச் சாம்பல் புள்ளியில் விரலை வைத்தார்.

"இந்தச் சின்னதுக்கா வெட்டணும்?"

"அந்தச் சின்னதுக்குத்தான்."

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து இரண்டாம் கிழமை திகதி போட்டார்கள்.