வடக்கனந்தலில் இறங்க ஹெலிகாப்டர்தான் வேணும்!

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் வழியில் சுமார் 15 கிலோமீட்டர் போனால் வடக்கனந்தல் வந்துவிடும். கரும்புத் தோட்டம், நெல் வயல், கொஞ்ச தூரத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை, அதைத் தாண்டி கோமுகி அணை. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் சுவர் எழுப்பியது போல நிற்கிறது கல்வராயன் மலை.

கீழே நின்று பார்த்தால் சுவர்தான். மேலே போய்ப் பார்த்தால் மலையின் தலையில் மேடும் பள்ளமுமாக ஒரு தனி நாடே விரிந்து கிடக்கும். அதைப் பார்க்க விமான டிக்கெட் தேவையில்லை. வீட்டில் நல்ல கம்ப்யூட்டரும் ஒரு ஜாய்ஸ்டிக்கும் இருந்தால் போதும். 2020 ஆகஸ்ட்டில் வெளியான மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உலகம் முழுவதையும் திரைக்குள் கொண்டுவந்தது. அதில் நியூயார்க் இருப்பது போலவே நம்ம வடக்கனந்தலும் இருக்கிறது.

பறப்பதில் பெரிய பிரச்னை இல்லை. இறங்குவதில்தான் எல்லாம் இருக்கிறது.

செஸ்னாவில் ஒரு சுற்று

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு செஸ்னா 172 நல்ல தோழன். நான்கு பேர் உட்காரும் சின்ன விமானம். சேலம் கமலாபுரம் விமான நிலையத்தில் கிளம்பலாம். வடக்கனந்தல் கிட்டத்தட்ட நேர் கிழக்கே இருக்கிறது என்று நினைத்து அப்படியே மூக்கை வைத்தால், எதிரே ஏற்காடு! சேர்வராயன் மலையின் உச்சி 5,300 அடி. அதனால் தெற்கே வளைந்து, சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். வாழப்பாடி, ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம் என்று பஸ் ரூட்டிலேயே பறக்கலாம். ஆத்தூர் தாண்டியதும் வலது பக்கம் பச்சைமலை, இடது பக்கம் கல்வராயன்.

அரை மணி நேரத்தில் கோமுகி அணை கண்ணில் படும். 46 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேக்கும் இந்த அணைக்கு மலையிலிருந்து ஓடைகள் எப்படி வந்து சேர்கின்றன என்று மேலிருந்து பார்த்தால் ஒரே பார்வையில் புரிந்துவிடும். இன்னும் கொஞ்சம் ஏறினால் வெள்ளிமலை. ஒரு கிராமத்துக்கும் அடுத்த கிராமத்துக்கும் நடுவே பள்ளத்தாக்கு, காடு, கொண்டை ஊசி வளைவுகள். 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை இது. சாலையும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இங்கே வந்து சேர ஏன் இவ்வளவு காலம் ஆனது என்பதற்குப் பாதி பதில் இந்த மேடு பள்ளத்திலேயே இருக்கிறது.

சரி, பார்த்தாச்சு. இறங்கலாமா? முடியாது. வடக்கனந்தலில் ஓடுதளம் கிடையாது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஓடுதளம் என்று பார்த்தால் உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பழைய தளம் ஒன்று உண்டு. அங்கேயும் பயணிகள் விமானம் இறங்குவதில்லை. செஸ்னா, அணையைச் சுற்றிவிட்டு வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

பட்டன் அதிகம் என்றால் கஷ்டமா?

சிமுலேட்டரில் கற்க மிகவும் கடினமான விமானம் எது என்று கேட்டால், பலரும் சொல்வது பெரிய ஜெட் விமானங்களைத்தான். போயிங் 737, ஏர்பஸ் ஏ320 போன்றவற்றை நிஜ விமானத்தின் ஒவ்வொரு சுவிட்சோடும் வடிவமைத்து விற்கிறார்கள். அணைந்து கிடக்கும் விமானத்தை உயிர்ப்பித்துக் கிளப்புவதற்கே புதியவருக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். கான்கார்ட் இன்னும் ஒரு படி மேலே. 2003-ல் ஓய்வு பெற்ற அந்த விமானத்தில் இரண்டு பைலட்டுகளோடு ஒரு ஃப்ளைட் இன்ஜினீயரும் வேண்டும். ஒலியைவிட இரு மடங்கு வேகத்தில் போகும்போது விமானத்தின் சமநிலை தப்பாமல் இருக்க, எரிபொருளைப் பின்பக்கத் தொட்டிக்கு பம்ப் செய்ய வேண்டும். வீட்டில் அந்த மூன்று பேர் வேலையும் ஒருவர் தலையில்! அந்த வேகத்தில் சேலத்திலிருந்து வடக்கனந்தலுக்கு மூன்று நிமிஷம்கூட ஆகாது.

ஆனால் இதெல்லாம் மனப்பாடம் செய்யும் கஷ்டம். பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்தால் வந்துவிடும். பட்டியலால் கற்க முடியாத ஒன்று இருக்கிறது. அது ஹெலிகாப்டர்.

மூக்கைப் பிடித்தால் வால் ஓடும்

2022 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் பெல் 407, கிம்பல் காப்ரி ஜி2 என்ற இரண்டு ஹெலிகாப்டர்கள் சேர்ந்தன. காப்ரி, பயிற்சிக்கென்றே செய்யப்பட்ட இரண்டு பேர் வண்டி. சுவிட்சுகள் குறைவு. ஆனாலும் முதல் நாள் முப்பது விநாடி அதை அந்தரத்தில் நிறுத்தி வைப்பதே பெரிய சாதனை.

காரணம் எளிது. இடது கையில் கலெக்டிவ், அது ஏற்றி இறக்கும். வலது கையில் சைக்ளிக், அது முன்னே, பின்னே, பக்கவாட்டில் நகர்த்தும். காலில் பெடல், அது மூக்கைத் திருப்பும். இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் கலையும். காப்ரியில் கலெக்டிவைத் தூக்கினால் மூக்கு இடது பக்கம் ஓடும். அதற்கு வலது பெடல். பெடலை மிதித்தால் வண்டி பக்கவாட்டில் நகரும். அதற்கு சைக்ளிக். அதைத் திருத்துவதற்குள் உயரம் குறையும். பெல் 407-ல் விசிறி எதிர்த்திசையில் சுற்றுவதால் பழகியதெல்லாம் தலைகீழ்!

விமானத்தைச் சரியாக அமைத்துவிட்டுக் கையை எடுத்தால் கொஞ்ச நேரம் தானாகவே பறக்கும். அந்தரத்தில் நிற்கும் காப்ரி அப்படி நிற்காது. வீட்டில் இன்னொரு கஷ்டமும் உண்டு. நிஜ பைலட்டுக்கு நகர்வை உடம்பு முதலில் சொல்லிவிடும். நமக்குக் கண் மட்டுமே, அதுவும் சின்னத் திரையில். நாம் பார்த்துத் திருத்துவதற்குள் வண்டி நகர்ந்துவிடுகிறது. பதறி அதிகமாகத் திருத்த, தூளி போல ஆட ஆரம்பிக்கிறது.

நிஜத்திலும் இது பொறுமையாகக் கற்கும் வித்தைதான். நம்ம அரக்கோணத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில்தான் இந்தியக் கடற்படை தன் ஹெலிகாப்டர் பைலட்டுகளை உருவாக்குகிறது. 2024 ஜூனில் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் பைலட்டாக சப் லெப்டினன்ட் அனாமிகா பி.ராஜீவ் பட்டம் பெற்றதும் அங்கேதான். அங்கே பயிற்சிக்குப் பறக்கும் சேத்தக் ஹெலிகாப்டரின் விசிறியும் காப்ரி போலவே வலம் சுற்றும்.

அணைக்கரையில் இறங்க...

* எடுத்த எடுப்பில் அந்தரத்தில் நிற்க முயல வேண்டாம். சமவெளியின் மேல் 60 நாட் வேகத்தில் நேராகப் பறந்து பழகுங்கள். வேகம் இருக்கும்போது வண்டி அடங்கி நடக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறையுங்கள்.

* முன்கையைத் தொடை மேல் வைத்துக்கொண்டு விரல்களால் மட்டும் நகர்த்துங்கள். நகர்த்தினோமா என்றே சந்தேகம் வரும் அளவு போதும்.

* மூக்குக்குக் கீழே தரையைப் பார்க்காதீர்கள். தூரத்தில் கல்வராயன் மலை விளிம்பைப் பாருங்கள். ஆட்டம் சட்டென்று குறையும்.

* செங்குத்தாக வேகமாக இறங்கக் கூடாது. தன் விசிறி கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே சிக்கி வண்டி விழுந்துவிடும். கொஞ்சம் முன்னே நகர்ந்துகொண்டே சரிவாக இறங்குங்கள். தரைக்குச் சில அடி உயரத்தில் காற்று மெத்தை போலத் தாங்கும்.

* விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு ஃப்ளைட்கியர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதிலும் ஹெலிகாப்டர் உண்டு.

வீட்டில் பழகியதால் லைசென்ஸ் கிடைத்துவிடாது. ஆனால் ஜெட்டில் வருகிறவர் வடக்கனந்தலைத் தாண்டித்தான் போக முடியும். கடினமானதைக் கற்றவருக்குத்தான் கோமுகி அணைக்கரையில் இறங்கி நிற்க முடிகிறது.

அப்படி இறங்கினாலும் சில விஷயங்கள் குறையும். அங்கே தெரியும் வீடுகள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் தானாகப் போட்டவை. கரும்பு ஆலை வாசம் வராது. பெரியார் அருவியில் குளிக்க முடியாது. அதற்கு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கச்சிராயபாளையம் பஸ் ஏற வேண்டும். ஜன்னல் சீட் கிடைத்தால் இன்னும் நல்லது!