முகத்தில் ஒரு திரை

ஆப்பிள் நிறுவனம் 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த, முகத்தில் மாட்டும் விஷன் ப்ரோ ஹெட்செட்டின் எடை 600 முதல் 650 கிராம். பேட்டரி இதில் சேராது. அது தனியாக 353 கிராம். வயரோடு பையில் கிடக்கும். மெட்டாவின் க்வெஸ்ட் 3 பேட்டரியோடு சேர்த்து 515 கிராம். தலைச்சுமையாகத் தண்ணீர்க் குடம் தூக்கிய ஊர்க்காரர்களுக்கு அரைக் கிலோ ஒரு பாரமா என்று தோன்றலாம். ஆனால் குடம் உச்சந்தலையில் உட்கார்ந்து, தன் பாரத்தை முதுகெலும்பு வழியே நேராக இறக்குகிறது. ஹெட்செட் முகத்துக்கு முன்னால் தொங்குகிறது. தலை முன்னே சாயாமல் பிடரித் தசைகள் விடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். சற்று நேரத்திலேயே கழுத்து கடுக்கத் தொடங்குவது அதனால்தான்.

எடைத் தொல்லை இந்தக் கருவியோடு கூடவே பிறந்தது. 1968-ல் ஐவன் சதர்லாண்டும் அவருடைய மாணவர்களும் உருவாக்கிய கருவியில் கண்ணருகே இரண்டு குட்டிப் படக்குழாய்கள் இருந்தன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அளக்க, கூரையிலிருந்து ஓர் இயந்திரக் கை இறங்கி வந்து தலையோடு இணைந்திருந்தது. அதற்கு ‘டமாக்ளிஸின் வாள்’ என்று பெயர். அந்தக் கருவியில் தெரிந்தவை வெறும் கோட்டுருவங்கள். ஆனால் தலையை நகர்த்தினால் அந்த உருவத்தின் மறுபக்கம் தெரிந்தது. இன்றுள்ள வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட்டுகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த ஒரு வித்தைதான்.

அது எவ்வளவு பெரிய வித்தை என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும். என் அக்கா மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு ஹெட்செட் கொண்டுவந்திருந்தான். “மாமா, பயப்படாதீங்க. சும்மா திரும்பிப் பாருங்க” என்றான். திரும்பினேன். கூடத்தில் டி.வி. இருந்த இடத்தில் ஒரு திமிங்கலம் நின்றது. அதன் கண் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. திரையரங்கில் எத்தனையோ கடல் காட்சிகளைப் பார்த்திருக்கிறேன். அவை எதிலும் அந்த உயிரின் அளவை என் உடம்பு உணர்ந்ததில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். இந்தக் கருவியைக் குறைசொல்லும் எவரும் முதலில் அந்த ஒரு நிமிடத்துக்கு மரியாதை செலுத்த வேண்டும்.

அது கோடை. மின்விசிறி ஓடியும் நெற்றியில் வியர்த்து லென்ஸில் ஆவி படிந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் படம் மங்கல். போட்டுக்கொண்டே மாட்டினால் அதன் காம்பு பொட்டில் அழுத்தியது. கண்ணுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும்போது நம் இரு கண்களும் உள்நோக்கித் திரும்புகின்றன. கூடவே கண்ணுக்குள் இருக்கும் லென்ஸும் அந்தத் தூரத்துக்குக் குவிகிறது. சிறு வயதிலிருந்து இரண்டும் சேர்ந்தே இயங்கிப் பழகியவை. பொதுவாக விற்கும் ஹெட்செட்டில் படம் எப்போதும் ஒரே தூரத்தில்தான் குவிகிறது. திமிங்கலம் மூக்கருகே வந்தால் கண்கள் உள்ளே திரும்புகின்றன, குவியமோ நகரக் கூடாது. இந்த இழுபறிதான் கண்ணை அலுக்கவைக்கிறது. உட்கார்ந்த இடத்திலேயே பறப்பதாகக் காட்டும் விளையாட்டுகளில் கண் ‘நகர்கிறோம்’ என்கிறது, உள்காது ‘இல்லை’ என்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது. மலைப்பாதைப் பஸ்ஸில் வாந்தி வருவதும் இப்படி இரண்டுக்கும் ஒத்துவராததால்தான்.

இவ்வளவு தொல்லையைப் பொறுத்துக்கொள்ளத் தகுந்த காரணம் யாருக்கு இருக்கிறது? கை ஓயாமல் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கிறது.

1990-களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தில் டாம் காடெல், டேவிட் மைஸெல் என்ற இருவர் இதை யோசித்தார்கள். விமானத்துக்குள் போகும் வயர்க் கொத்துகளைப் பெரிய பலகைகளில் வைத்துத்தான் கட்டுவார்கள். தொழிலாளி வரைபடத்தைப் பார்த்து, எந்த வயர் எந்த முளையைச் சுற்றிப் போக வேண்டும் என்று கண்டு, திரும்பிவந்து இழுக்க வேண்டும். அந்த வழியைத் தலையில் மாட்டிய கண்ணாடியிலேயே ஒரு கோடாகக் காட்டிவிட்டால், பலகையிலிருந்து பார்வையை எடுக்கவே வேண்டாமே என்றார்கள் அவர்கள். கிடங்குகளிலும் இதே கதை. நெதர்லாந்தில் டி.எச்.எல். நிறுவனத்தின் கிடங்கு ஒன்றில் ஸ்மார்ட் கண்ணாடியை வைத்துச் சரக்கு எடுத்துப் பார்த்தார்கள். வேலைத்திறன் 25 சதவீதம் கூடியதாக 2015-ல் அந்த நிறுவனம் அறிவித்தது. கையில் காகிதமோ ஸ்கேனரோ இல்லாமல் இரு கையாலும் பெட்டியைத் தூக்க முடிந்ததே பெரிய உதவி.

என் மனத்தில் ஆழப் பதிந்தது இன்னொன்று. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹன்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் தீக்காயம் பட்டவர்களுக்காக ‘ஸ்னோவேர்ல்ட்’ என்ற காட்சியை உருவாக்கினார்கள். தீப்புண்ணைக் கழுவிக் கட்டு மாற்றும் நேரம் எவ்வளவு கொடியது என்பது பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வலிமருந்தும் முழுதாகக் கைகொடுக்காது. நோயாளி ஹெட்செட்டுக்குள் ஒரு பனிப்பள்ளத்தாக்கில் மிதந்துகொண்டே பனிமனிதர்கள் மேலும் பென்குயின்கள் மேலும் பனிப்பந்து எறிவார். தன் புண்ணை அவர் பார்ப்பதில்லை. வலி கணிசமாகக் குறைந்ததாக நோயாளிகள் சொன்னார்கள். வலியை உணரவும் கவனம் வேண்டும். அந்தக் கவனத்தைக் காட்சி பிடுங்கிக்கொள்கிறது. நாள் முழுக்க அணிய வேண்டியதில்லை, கட்டு முடியும்வரை போதும். உலகத்தை மறைப்பது மற்ற இடத்தில் குறை. இங்கே அதுவே மருந்து.

நாள் முழுக்க, தெருவில், வீட்டில், நண்பர்கள் நடுவில் அணிய வேண்டும் என்று சொல்லும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. முகத்தில் எதிரில் இருப்பவருக்கும் பங்கு உண்டு. 2013-ல் 1,500 டாலர் விலையுள்ள கூகுள் கிளாஸ் என்ற ஸ்மார்ட் கண்ணாடியை அணிந்து வந்தவர்களை அமெரிக்காவிலேயே பலர் விரும்பவில்லை. சியாட்டிலில் ஒரு மதுக்கூடம் அதை உள்ளே அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தது. வலது கண்ணுக்கு மேல் இருந்த குட்டித் திரையைவிட, பக்கத்தில் இருந்த கேமராதான் அவர்களை உறுத்தியது. செல்போனில் படம் எடுப்பவன் கையை உயர்த்துகிறான். நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். கண்ணாடியில் எடுப்பவனோ நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். 2015-ல் அதன் பொது விற்பனை நின்றது. 2017-ல் தொழிற்சாலைகளுக்கென்று திரும்பி வந்து, 2023-ல் அதுவும் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் தன் ஹோலோலென்ஸ் 2 ஹெட்செட்டின் உற்பத்தியை 2024-ல் நிறுத்தியது. பயன் உள்ள இடத்திலும் விலையும் எடையும் சேர்ந்து தோற்கடித்தன என்றே நினைக்கிறேன். விஷன் ப்ரோ, அணிந்தவரின் கண்களைப் படமாக வெளிப்பக்கம் காட்டுகிறது. முகங்கொடுத்துப் பேசுவதற்கு அந்தப் படம் போதாது.

இதற்கு மாறான ஒரு வழியை இப்போதுதான் பார்க்கிறேன். மெட்டா 2025 செப்டம்பரில் 799 டாலருக்கு வெளியிட்ட ரே-பான் டிஸ்ப்ளே கண்ணாடி 69 கிராம்தான். திரை வலது லென்ஸில் மட்டும். கேமரா பற்றிய கவலை இதிலும் அப்படியே இருக்கிறது. ஆனால் எதிரில் இருப்பவர் பேசுவதை எழுத்தாக லென்ஸில் காட்டும் வசதி இதில் உண்டு. என் பெரியம்மாவுக்குக் காது மந்தம். கல்யாண வீட்டில் எல்லாரும் சிரிக்கும்போது, என்ன என்று கேட்கக் கூச்சப்பட்டு அவரும் சேர்ந்து சிரிப்பார். அவர் போன்றவர்களுக்கு இந்தக் கண்ணாடி எதிராளியின் முகத்தை மறைக்காது. அந்த முகத்தைப் பார்த்தபடியே பேச்சைப் பின்தொடர உதவும். அதற்குத் தமிழ்ப் பேச்சு, அதுவும் கல்யாணக் கூட்டத்து இரைச்சலில் நாலு பேர் சேர்ந்து பேசும் வீட்டுத் தமிழ், பிழையில்லாமல் எழுத்தாக வேண்டும். அந்த வேலை இன்னும் முடியவில்லை. கணினித் துறையில் இருக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டுக்கொள்கிறேன்: திமிங்கலம் காட்ட நிறையப் பேர் இருக்கிறார்கள், நீங்கள் இதைச் செய்யுங்கள்.